சைகோனில் 36-ஆம் பல்

போன தீபாவளிக்கு முன்பே ஈரோட்டில் எங்கள் பல் டாக்டர் சொல்லிவிட்டார். "கீழ இடது பக்கம் கடவாய்ப் பல்லுல விரிசல் தெரியுதுங்க. பழைய அடைப்பு ரொம்ப நாள் தாங்காது. ரூட் கெனால் பண்ணி கேப் போட்டிடலாம்." தீபாவளி முடியட்டும் என்றேன். பொங்கல் வந்தது. அப்புறம் வருஷக் கணக்கு முடிக்கிற மார்ச். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவளுக்கு மார்ச்சில் பல் வலிக்கக்கூட நேரம் கிடையாது. மே மாதம் நானும் இவரும் அத்தையும் வியட்நாம் கிளம்பியபோது அத்தையின் பெட்டியில் புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் இருந்தன. முடிக்காமல் விட்ட வேலை மட்டும் என் வாய்க்குள் இருந்தது.

மே 6, 2024, திங்கள் – சைகோன்

ஊரின் அதிகாரப் பெயர் ஹோ சி மின் நகரம். ஆட்டோ மாதிரி வந்து நிற்கும் பைக் டாக்ஸிக்காரர் முதல் ஹோட்டல் பெண் வரை வாயில் வருவது சைகோன்தான். ஈரோட்டில் 42 டிகிரியில் வெந்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இங்கே அவ்வளவு டிகிரி இல்லை, ஆனால் துணி துவைத்துக் காயாமல் உடுத்தியது போல ஒரு புழுக்கம். நாளை தியன் பியன் ஃபு போரில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்து 70 வருஷம் ஆகிறதாம். தெருவெல்லாம் சிவப்புக் கொடி.

பணத்தில் சைபர்கள் தொல்லை. மூன்று சைபரை அடித்துவிட்டு மூன்றால் பெருக்கு, கொஞ்சம் மேலே போட்டுக்கொள் என்று இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு லட்சம் டோங் என்றால் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். கணக்குக்காரி நான், எனக்கே முதல் நாள் கை நடுங்கியது. போதாததற்கு 20 ஆயிரம் நோட்டும் நீலம், 5 லட்சம் நோட்டும் நீலம். இது யார் யோசனையோ!

பிளாட்பாரத்தில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்தோம். பெயர் கா ஃபே சுவா டா. கடைசியில் வரும் 'டா' ஏதோ கூடப் படித்தவனைக் கூப்பிடுகிற மாதிரி இருந்ததால் எங்களுக்கு உடனே பிடித்துவிட்டது. "இன்னொரு சுவா டா சொல்லட்டுமாடா?" என்று இவர் என்னையே கேட்டார். விலை 25 ஆயிரம். கன்டென்ஸ்டு மில்க், தார் மாதிரி டிக்காஷன், டம்ளர் நிறைய ஐஸ். முதல் மடக்கிலேயே இடது கடவாயில் சுரீர் என்றது. குடித்து முடித்ததும் மிச்சமிருந்த ஐஸை வலது பக்கமாக ஒதுக்கிக் கடித்துக்கொண்டே ரோட்டை வேடிக்கை பார்த்தேன். அத்தைக்கு ரோட்டைக் கடப்பது பெரிய சாகசம். நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக நடந்தால் பைக்குகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகின்றன. "ஆத்துல எறங்கற மாதிரி இருக்குது கண்ணு" என்றார்.

மே 7, செவ்வாய் – மீகாங், பெண் ட்ரே

சித்திரை அமாவாசை. மாமா தவறியதில் இருந்து அத்தை சைவம். அமாவாசையன்று ஒரே வேளைதான் சாப்பாடு. வேனில் 70 கிலோமீட்டர் போய் மீ தோ என்ற ஊரில் படகேறினோம். மீகாங் ஆறு இங்கே பிரிந்து பிரிந்து கடலைத் தேடுகிறது. எதிர்க்கரை பெண் ட்ரே. திரும்பின பக்கமெல்லாம் தென்னை. பொள்ளாச்சிக்கு வந்துவிட்டோமா என்று அத்தைக்குச் சந்தேகம். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடலின் உப்பு மேலேறி வந்துவிடுகிறதாம். தென்னை தாங்கும், வாழையும் நெல்லும் தாங்காது என்று வழிகாட்டிப் பையன் சொன்னான்.

தேங்காய் மிட்டாய் செய்யும் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். தேங்காய்ப் பால், சர்க்கரை, மால்ட் மூன்றையும் பெரிய வாணலியில் போட்டுக் கிளறுகிறார்கள். மரச்சட்டத்தில் நீளமாக ஊற்றி, ஆறியதும் வெட்டி, காகிதத்துக்கு முன்னால் ஒரு மெல்லிய அரிசித் தாளில் சுற்றுகிறார்கள். அதைப் பிரிக்க வேண்டாம், அப்படியே வாயில் போடலாம். சுற்றுகிற பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்தால் நம் ஊர் பீடிக்காரம்மாக்கள் நினைவுக்கு வருவார்கள். இளஞ்சூட்டில் ஒரு துண்டை நீட்டினார்கள். போட்டேன். கமர்கட்டுக்கும் பால்கோவாவுக்கும் நடுவில் ஒரு ருசி. இரண்டாவது மென்றபோது மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒட்டிக்கொண்டன. பிரித்தேன். 'டொக்'.

கையில் துப்பிப் பார்த்தால் மிட்டாய்க்குள் பதித்து வைத்த மாதிரி என் அடைப்பு. அதோடு பல்லில் ஒரு சில்லு. நாக்கை வைத்துப் பார்த்தால் கிணறு மாதிரி ஒரு பள்ளம். வலி உடனே வரவில்லை. படகில் திரும்பும்போது காற்று பட்டதும் வந்தது. எப்படிச் சொல்வது? காதில் தொடங்கி, தாடையில் இறங்கி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு மணி அடித்தது.

அத்தை சுருக்குப் பையில் இருந்து கிராம்பை எடுத்தார். "கடிக்காத. நசுக்கி அந்தக் குழில வெய்யி." வைத்தேன். ஒரு மணி நேரம் தாங்கியது.

ராத்திரி ஹோட்டல் பக்கத்து மருந்துக்கடை. கடைப் பெண் கன்னத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு நாலு டப்பாவில் இருந்து மாத்திரைகளை உதிர்த்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஆறு குட்டிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டுவிட்டாள். பெயர் எதுவும் கிடையாது. வெள்ளையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று, கேப்ஸ்யூல் ஒன்று, சின்னதாக இன்னொன்று. எனக்கு டைக்ளோஃபினாக் ஆகாது. முன்பு ஒரு முறை போட்டு உடம்பெல்லாம் தடித்து, ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். நம் ஊர் பிராண்ட் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், அவளுக்கு ஒன்றும் எட்டவில்லை. மருந்தின் பொதுப் பெயரை எழுதிக் காட்டிப் பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி போட்டேன். படித்தாள், பதறினாள். ஆறு பொட்டலத்தையும் பிரித்து ஆரஞ்சு மாத்திரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எடுத்தாள். கடைசியில் பாராசிட்டமாலை மட்டும் டப்பாவோடு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரி தூங்கியது அத்தை மட்டும்தான்.

மே 8, புதன் – சைகோன்

முதலில் போனது சுற்றுலாப் பயணிகள் தங்கும் தெருவில் கண்ணாடி போட்ட ஒரு பளபளா கிளினிக். ஆங்கிலம் பேசும் பையன், வாசனைத் துண்டு, இஞ்சி டீ. வாய் முழுக்க எக்ஸ்ரே எடுத்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். உடைந்த பல்லுக்கு ரூட் கெனால், கேப். சரி. அதோடு இன்னும் மூன்று பல்லுக்கும் கேப் போட்டால் நல்லது, மூன்றே நாளில் முடித்துவிடலாம். பற்கள் மஞ்சளாக இருப்பதால் வெளுக்கவும் செய்யலாம். மொத்தம் 42 மில்லியன் டோங். மூன்று சைபரை அடித்து மூன்றால் பெருக்கிய இவர் எழுந்தே விட்டார். எங்கள் மூன்று பேர் விமான டிக்கெட்டைவிட அதிகம். மஞ்சள் மண்டிக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளிடம் வந்து மஞ்சள் என்றால்? எக்ஸ்ரேக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

வலியோடு எங்கே போவது? அத்தை முடிவு செய்தார். "இங்க மாரியாத்தா இருக்கறான்னு சொன்னயே, அங்க போலாம்." ட்ரூவாங் தின் தெருவில் இருக்கிறது மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் கட்டியது. உள்ளே போனால் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் வியட்நாமியர்கள். கை நிறைய ஊதுபத்தியோடு வருகிறார்கள். கருவறைக்குப் பின்னால் கல் சுவரில் நெற்றியையும் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்து வாய்க்குள்ளேயே வேண்டிக்கொள்கிறார்கள். அத்தை சிறிது நேரம் பார்த்துவிட்டு, அவர்களோடு வரிசையில் நின்று, தானும் சுவரில் நெற்றியை வைத்தார். நான் இடது கன்னத்தை வைத்தேன். கல் சில்லென்று இருந்தது. அதுவே பாதி வைத்தியம்.

இன்று இங்கே சந்திர மாதத்தின் முதல் நாள். அன்றைக்கும் பௌர்ணமியன்றும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்களாம். சைவத்துக்கு 'சாய்' என்று பெயர். 'சாய்' என்று எழுதின கடையெல்லாம் கூட்டம். அத்தைக்கு ஒரே கொண்டாட்டம். எலுமிச்சைப் புல் போட்டு வறுத்த டோஃபு, காளான் குழம்பு, சோறு, ஒரு தட்டு 40 ஆயிரம். எனக்கு வந்தது சாவோ, அதாவது கஞ்சி. ஆங்கிலக்காரன் இதைக் 'காஞ்சி' என்று சொல்வதே நம் கஞ்சியை வாங்கித்தான். நான் முறைப்படி கஞ்சி குடித்து வருஷமாகிறது, அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

ஹோட்டல் பெண்ணிடம் கேட்டோம். "எனக்கும் எங்கம்மாவுக்கும் இவங்கதான் பாப்பாங்க" என்று ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தாள். சந்துக்குள் சந்து. பல் கிளினிக்குக்கு 'ஞா க்வா' என்று போர்டு. மருந்துக்கடையும் 'ஞா' என்றுதான் தொடங்கும். ஒன்றில் 'ஞா' என்றால் பல், இன்னொன்றில் 'ஞா' என்றால் வீடு, குரலை ஏற்றி இறக்குவதில்தான் வித்தியாசம். நம் ஞகரத்தைத் தெரு முழுக்க இப்படி எழுதி வைத்திருக்கும் இன்னொரு ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் வழி கேட்டபோது என் குரல் எங்கோ தப்பாக ஏறிவிட்டது போல. முதலில் எங்களை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனோம். ஒரே ஒரு நாற்காலி. டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஆங்கிலம் கிடையாது. வாயைத் திறந்து காட்டியதும் "ச்சி ஓய்!" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது 'சீ' வாங்கவா? கூட இருந்த உதவிப் பெண் சிரித்துக்கொண்டே போனில் தமிழாக்கிக் காட்டினாள். 'ச்சி' என்றால் அக்கா. 'ஓய்' கூப்பிடுகிற சொல். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களையும் அக்கா, தம்பி, பாட்டி என்று வயதுக்கு ஏற்ற உறவு வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அத்தையை 'பா' என்றார்கள், பாட்டி. பல் டாக்டர் நாற்காலியில் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

ஒரு பல்லுக்கு மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுத்தார். அப்புறம் போனில் ஏதோ பேசி எங்களிடம் நீட்டினார். திரையில் தமிழ்: "உங்கள் மஜ்ஜையை எடுக்க வேண்டும்." இவர் முகத்தில் ரத்தமே இல்லை. எலும்பு மஜ்ஜையா? டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் ஒரு பல்லை வரைந்து, உள்ளே இரண்டு வேர், வேருக்கு நடுவில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார். பல்லின் கூழுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் அவர்கள் பாஷையில் ஒரே வார்த்தையாம், 'துய்'. ரூட் கெனாலைத்தான் சொல்கிறார்! படத்துக்குப் பக்கத்தில் 36 என்று எழுதி வட்டம் போட்டார்.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஈரோட்டு டாக்டர் கொடுத்த பழைய சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். தேடி எடுத்தால் அதிலும் 36. வாயை நாலாகப் பிரித்தால் கீழே இடது பக்கம் மூன்றாவது கால்பகுதி, நடுவில் இருந்து எண்ணினால் ஆறாவது பல். அதுதான் 36. இரண்டு டாக்டர்களுக்கும் ஒரே எண். அமெரிக்காவில் இதே பல்லுக்கு 19 என்று வேறு கணக்காம், என் அண்ணன் மகன் பிறகு சொன்னான். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தேதியைத் தட்டிக் காட்டினார். 2023 அக்டோபர். அந்தப் பார்வையை மொழிபெயர்க்க ஆப் வேண்டியிருக்கவில்லை.

கேள்விகள் தொடங்கின. சர்க்கரை உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எந்த மருந்து ஆகாது? டைக்ளோஃபினாக் என்றதும் அதே குடும்பத்து வலி மாத்திரை எதுவும் வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்றார். ஆன்டிபயாடிக்கும் தேவையில்லையாம். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, நரம்புதான் எரிகிறது. கடைசியாக ஒரு கேள்வி, திரையில் இப்படி வந்தது: "நீங்கள் கல்லை மெல்லும் பழக்கம் உள்ளவரா?" இல்லவே இல்லை என்று தலையாட்டினேன். கல்லையா? அரிசியில் கல் வந்தால்கூடத் துப்பிவிடுகிறவள் நான். டாக்டர் நம்பாத மாதிரி இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம் மறுத்தேன்.

ஊசி போட்டு, பல்லை மட்டும் வெளியே விட்டு வாய் முழுக்க ஒரு நீல ரப்பர் விரித்தார். அதற்கப்புறம் நான் பார்த்ததெல்லாம் தட்டில் வரிசையாகக் குத்தி வைத்திருந்த ஊசி மாதிரிக் கம்பிகளைத்தான். கைப்பிடி வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம். மெல்லியதில் இருந்து தடித்தது வரை அந்த வரிசையிலேயே எடுத்தார். கம்பி வேரின் முனையைத் தொட்டதும் ஒரு சின்னப் பெட்டி 'பீப்' என்றது. ஒவ்வொரு பீப்புக்கும் உதவிப் பெண் ஒரு எண்ணை எழுதிக்கொண்டாள். பிளீச்சிங் பவுடர் வாசம் அடித்தது. நான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். நடுவில் டாக்டர் வேலையை நிறுத்திவிட்டு என் இடது ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பார்த்தார். நகத்தில் கருப்புக் கோடு. ஏதாவது நோயோ என்று நினைத்திருக்கிறார். ஏப்ரல் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்ட மை! வாய்க்குள் ரப்பரை வைத்துக்கொண்டு தேர்தலை எப்படி விளக்குவது? இவர்தான் பெட்டிக்குள் சீட்டுப் போடுகிற மாதிரி நடித்துக் காட்டினார். இப்போது மெஷினில் பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்றாலும் அந்த நேரத்துக்கு அது போதும்.

வேருக்குள் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டார். எக்ஸ்ரே, வைத்தியம் எல்லாம் சேர்த்து 9 லட்சம் டோங். கிட்டத்தட்ட 3,000 ரூபாய். முழுசாக முடித்து கேப்பும் போட்டுவிட முடியுமா என்று கேட்டதற்கு வந்த பதிலை இவர் படம் எடுத்து வைத்திருக்கிறார்: "முடியும். ஆனால் பின்னால் வலித்தால் நீங்கள் என்னிடம் வர முடியாது. உங்கள் ஊர் மருத்துவரிடம் முடியுங்கள்." ஊர் திரும்பும் முன் ஒரு முறை வரச் சொன்னார்.

மே 9, வியாழன் – சைகோன், டா நாங்

ராத்திரி செத்த பிணம் மாதிரித் தூங்கினேன்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தோம் இல்லையா, இவர் காலையில் போன் போட்டார். பாட்டு கேட்டுக்கொண்டு 25 நிமிஷம். பல்லுக்கு, திடீரென்று வரும் கடும் வலிக்கு மட்டும் உண்டாம். பழைய பல் வியாதி என்றால் கிடையாது. அப்படியே கொடுத்தாலும் முதல் 100 டாலர் நம் பொறுப்பு. என் பில்லே 36 டாலர்தான். பல்லும் 36, பில்லும் 36 என்று இவர் சிரிக்கிறார். பாலிசியில் இதெல்லாம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. வருஷம் முழுக்க அடுத்தவர் கணக்கில் பொடி எழுத்தைத் தேடுகிற நான் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் விமானத்தில் டா நாங். பல்லுக்குள் காற்று மாட்டியிருந்தால் மேலே போகப் போக விரிந்து வலிக்குமாம், ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை போட்டுக்கொள்ள டாக்டர் சொல்லியிருந்தார். போட்டேன். ஏறும்போது லேசாக ஒரு அழுத்தம், அவ்வளவுதான்.

மே 10, வெள்ளி – ஹோய் ஆன்

ஊர் பொம்மைக் கொலு மாதிரி இருக்கிறது. மஞ்சள் சுவர், ஓட்டு வீடு, தெருவுக்குத் தெரு காகித விளக்கு. ஆனால் எல்லாரும் புகழும் தடித்த நூடுல்ஸையும் மொறுமொறு ரொட்டியையும் நான் பார்க்கத்தான் முடிந்தது.

என்னைக் காப்பாற்றியது காவடியில் இரண்டு பக்கமும் தூக்குப் பானை தொங்கவிட்டு வந்த ஒரு பாட்டி. கரண்டி பட்டாலே குலையும் வெள்ளை டோஃபு, மேலே சூடான இஞ்சிப் பாகு. மெல்ல வேண்டியதே இல்லை, தானே இறங்கிவிடும். அத்தை இரண்டு கிண்ணம், நான் மூன்று. ஒன்று 15 ஆயிரம். நோட்டைக் கொடுத்துவிட்டு நடந்தோம். முப்பதடி போயிருப்போம், பின்னால் இருந்து சத்தம். பாட்டி காவடியை அப்படியே நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு ஓடி வருகிறார். மூன்று 20 ஆயிரத்தோடு ஒரு 5 லட்சத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்! இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அத்தை அன்று முழுக்க அந்தப் பாட்டியைப் பற்றித்தான் பேசினார்.

அட்சய திருதியையாம் இன்று. தங்கக் கேப்பே கட்டியிருக்கலாம் என்று இவர் கிண்டல்.

மே 11, சனி – மீ சன்

முன்பு இந்தப் பக்கத்தை ஆண்ட சாம் இனத்து அரசர்கள் கட்டின சிவன் கோயில்கள். செங்கல் கோபுரங்கள் மலைக்கு நடுவில் காட்டுக்குள் நிற்கின்றன. நாலாம் நூற்றாண்டில் தொடங்கி பல நூறு வருஷம் கட்டியிருக்கிறார்கள். 1969-இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் பெரிய கோபுரம் போய்விட்டது, குழிகள் இன்னும் தெரிகின்றன. நம் தொல்லியல் துறைக்காரர்கள் இங்கே சீரமைப்பு வேலை செய்தபோது 2020-இல் ஒரே கல்லில் செய்த லிங்கத்தைத் தோண்டி எடுத்தார்கள். அதைப் பார்க்கத்தான் அத்தை வெயிலில் அவ்வளவு வேகமாக நடந்தார்.

திரும்பும்போது கண்ணை இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். கை சில்லிட்டு, வேர்வை ஊற்றுகிறது. 71 வயது. எனக்கு என் பல் மறந்து போனது. இளநீர்க் கடையில் இருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். எதுவும் கேட்கவில்லை. அத்தையை பெஞ்சில் படுக்கவைத்துக் காலை ஒரு கூடைமேல் தூக்கி வைத்தார். இடுப்பில் இருந்து ஒரு பச்சைத் தைலம் எடுத்து நெற்றிப்பொட்டிலும் உள்ளங்காலிலும் தேய்த்தார். நம் கோடாலித் தைலத்துக்குத் தங்கச்சி மாதிரி வாசம். ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டு, அத்தை தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும் உப்பில் ஊறின எலுமிச்சையை நசுக்கித் தண்ணீரில் கலந்து, வாய் வாயாகக் குடிக்கவைத்தார். கால் மணி நேரத்தில் அத்தைக்கு முகம் வந்துவிட்டது. "நார்த்தங்கா ஊறுகாய்த் தண்ணியாட்டமே இருக்குது" என்று முதல் பேச்சு.

பணம் நீட்டினோம். ஜூஸுக்கு 20 ஆயிரம் மட்டும் எடுத்துக்கொண்டார். தைல பாட்டிலை அத்தை கையில் வைத்து மூடினார். அத்தை பதிலுக்குச் சுருக்குப் பையில் இருந்து திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டார்.

மே 12 முழுக்க ஹோட்டல் அறை, மின்விசிறி, கஞ்சி. ராத்திரி சைகோன் வந்து சேர்ந்தோம்.

மே 13, திங்கள் – சைகோன்

மழை பிடித்துக்கொண்டது. சந்துக்குள் கணுக்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனோம். "ச்சி ஓய்!" இந்தத் தடவை சந்தோஷமாக இருந்தது. உள்ளே மருந்தை மாற்றி மறுபடியும் அடைத்தார். 3 லட்சம் டோங். ஒரு உறையில் எக்ஸ்ரேயும் ஒரு சீட்டும் போட்டு ஈரோட்டு டாக்டரிடம் கொடுக்கச் சொன்னார். தேங்காய் பர்பி கொடுத்தோம். வாங்கி, கையால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதை உறுதி செய்துகொண்டு என்னையும் ஒன்று எடுத்துக்கொள்ள அனுமதித்தார்.

மே 16, வியாழன் – ஈரோடு

டாக்டர் சீட்டைப் பிரித்தார். 36. கீழே மூன்று எண்கள்: 19, 19, 20.5. "ஒவ்வொரு கால்வாயும் எத்தனை மில்லிமீட்டர்னு அளந்தே குடுத்திருக்காங்களே! என்ன மருந்து வெச்சாங்க, எந்தச் சைஸ் வரைக்கும் சுத்தம் பண்ணாங்க, எல்லாம் இருக்குதுங்க. யாருங்க இவங்க?" என்றவர் அடியில் வியட்நாமிய மொழியில் இருந்த ஒரு வரியைக் காட்டி இது என்ன என்றார். இவர் போனைப் பிடித்தார். திரையில் வந்தது: "தயவுசெய்து கல்லை மெல்ல வேண்டாம்."

"கல்லா?" டாக்டருக்குக் குழப்பம். "ரேஷன் அரிசிங்களா?"

இவர் விடவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறுபடியும் அடித்தார். எழுத்தைப் பார்த்ததும் அவருக்கு எங்கேயோ பொறி தட்டியிருக்க வேண்டும். பிளாட்பாரக் கடையில் எடுத்த படத்தைத் தேடினார். கா ஃபே சுவா டா. அந்தக் கடைசி 'டா' எழுத்துக்கு எழுத்து அதேதான். கல்லுக்கும் 'டா', ஐஸுக்கும் 'டா'.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, ஐஸ் கடிப்பீங்களா?"

ஊசி போட்டு வாய் மரத்திருந்தது, பஞ்சு வேறு. நான் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று முடிவு செய்வதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை தைல பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: "ஃபிரிட்ஜுல ரெண்டு ட்ரே வெச்சிருக்கறாங்க. டிவி பாக்கறப்ப ஒரு கிண்ணம் வேணும்."

டாக்டர் வெள்ளைக் கைப்பிடிக் கம்பியை எடுத்தார்.